45 வெள்ளி எண்ணெய் பம்ப்: மூன்று முறை பயன்படுத்திப் பார்த்ததில்

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் கதை. காருக்கு அடியில் படுக்காமலே கறுப்பெண்ணெய் (எஞ்சின் எண்ணெய்) மாற்றலாம் என்று இணையத்தில் ஒரு 12 வோல்ட் பம்ப் விற்கிறார்களே, பேட்டரியில் கவ்வியை மாட்டி எண்ணெய் மட்டம் பார்க்கும் கம்பி, அதாவது டிப்ஸ்டிக், இருக்கிற ஓட்டை வழியாக உறிஞ்சுவது, அதை 45 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கி இதுவரை மூன்று முறை பயன்படுத்திவிட்டேன். காருக்கு என்றால் 5-க்கு 2 தருவேன். இன்னொரு வேலைக்கு 4 தருவேன், ஆனால் அந்த வேலைக்கு என்று நான் அதை வாங்கவில்லை.

என்னுடையது புரோட்டோன் வீரா 1.5, 2003-ஆம் வருட வண்டி, அப்பாவிடமிருந்து எனக்கு வந்தது. பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் வீடு, ஈப்போவில் வேலை. போக வர நாளுக்குச் சுமார் 60 கிலோமீட்டர், வாரத்துக்கு 300. செமி சிந்தெட்டிக் ஊற்றினால் 7,000 கிலோமீட்டர் என்று பட்டறைகளில் கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்டித் தருவார்கள் இல்லையா, அந்த 7,000 எனக்கு ஐந்தரை மாதத்தில் வந்துவிடும். ஆக வருடத்துக்கு இரண்டு தடவை எண்ணெய் மாற்ற வேண்டும். இது பெரிய வேலை இல்லை. ஆனால் இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பட்டறையில் (பெயர் வேண்டாம்) ஃபில்டர் புதிது என்று பில்லில் காசு போட்டுவிட்டு, பழைய ஃபில்டரைத் துணியால் துடைத்து அப்படியே விட்டிருந்தார்கள். எப்படித் தெரியும் என்றால், அதற்கு முந்தைய தடவை நான் அதன் மேல் மார்க்கர் பேனாவால் தேதி எழுதியிருந்தேன். பாதி அழிந்த தேதி என்னைப் பார்த்துச் சிரித்தது. அன்றிலிருந்து வீட்டிலேயே செய்வது என்று முடிவெடுத்தேன்.

காசு மிச்சமாகும் என்று நினைத்து யாரும் இதில் இறங்காதீர்கள். பட்டறையில் எனக்கு 120 வெள்ளி ஆகும். வீட்டில் செய்தால் 4 லிட்டர் எண்ணெய் 85, ஃபில்டர் 12, வாஷர் 50 காசு, மொத்தம் 97.50. ஒரு தடவைக்கு 22 வெள்ளி 50 காசு மிச்சம், வருடத்துக்கு 45. பம்ப்பின் விலையும் அதே 45. வாங்கும்போது இந்தப் பொருத்தத்தைப் பார்த்து ஒரே வருடத்தில் போட்ட காசு திரும்பிவிடும் என்று சந்தோஷப்பட்டேன், அந்த ஒரு வருடம் பக்கத்து வீட்டுக்காரரின் இரண்டு ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தையும் சேர்த்து விழுங்கும் என்று தெரியாமல்.

பெட்டியைத் திறந்தால் பால் டின் அளவில் ஒரு மோட்டார், சிவப்பு கறுப்புக் கவ்விகள், ஒரு சுவிட்ச், ஒல்லியாக ஒரு குழாய், தடியாக ஒரு குழாய், இரண்டையும் இறுக்க நாலு கிளிப். ஒல்லி எண்ணெய்க்குள் போவது, தடி வெளியே விடுவது. மோட்டார் மேல் 60 வாட் என்று போட்டிருக்கிறது, அதாவது 12 வோல்ட்டில் 5 ஆம்பியர், கார் பேட்டரிக்கு இது ஒன்றுமே இல்லை. பெட்ரோலுக்குப் பயன்படுத்தாதே, எண்ணெய் சூடாக இருக்கட்டும் என்று ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. இரண்டாவது வரியை நான் படிக்கவில்லை.

படிக்காததால் முதல் ஞாயிறு காலை என்ன ஆனது என்றால், இரவெல்லாம் நின்ற வண்டியில் நேராகக் குழாயை விட்டு சுவிட்சைத் தட்டினேன். பம்ப் முனகியது. குழாயில் இரண்டு அங்குலம் கறுப்பாக ஏறி அப்படியே நின்றது. போர்ச்சில் கோப்பி ஓ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அப்பா, "ஏண்டா, ஆறின எண்ணெய் அந்த ஊசிக்குள்ள எப்படி ஏறும்? காடியைக் கொஞ்ச நேரம் ஓட விடு" என்றார். அவர் தோட்டத்தில் லோரி ஓட்டியவர். ஐந்து நிமிடம் எஞ்சினை ஓட விட்டு, நிறுத்தி, இன்னொரு ஐந்து நிமிடம் விட்டு மறுபடி போட்டதும் நூல் மாதிரி வரத் தொடங்கியது. நூல்தான், கயிறு இல்லை.

இடையில் இன்னொரு கூத்து. கவ்வியைக் கழற்றி மாட்டும்போது சிவப்பையும் கறுப்பையும் மாற்றிப் போட்டுவிட்டேன். மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றி, உறிஞ்சுவதற்குப் பதிலாக உள்ளே காற்று ஊதியது. டிப்ஸ்டிக் ஓட்டையில் களுக் களுக்கென்று சத்தம். எஞ்சின் ஏப்பம் விடுவதை அன்றுதான் முதலில் கேட்டேன்.

எண்ணெயை எதில் பிடிப்பது என்பதையும் யாரும் சொல்லித் தருவதில்லை. நான் ஒன்றரை லிட்டர் தண்ணீர்ப் போத்தல்கள் இரண்டை வைத்திருந்தேன். அந்த மெல்லிய பிளாஸ்டிக் சூட்டில் இடுப்பு சுருங்கி, தலை சாய்ந்து, போர்ச் டைல்ஸ் மேல் படுக்கப் பார்த்தது. போன தடவை வாங்கிய எண்ணெயின் காலி டப்பாவைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள், கெட்டியான டப்பா, வாயும் பெரிது, பக்கத்தில் லிட்டர் கோடும் இருக்கும். இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

25 நிமிடம் கழித்துக் குழாயில் வெறும் குமிழி வந்தது. அளந்து பார்த்தால் 2.7 லிட்டர். இந்த எஞ்சினுக்கு ஃபில்டரோடு சேர்த்து மூன்று லிட்டருக்கு மேலேயே பிடிக்கும் என்பதால் எனக்குச் சந்தேகம். எப்படியும் ஃபில்டருக்காக அடியில் போகத்தான் வேண்டும், போகிற போக்கில் எண்ணெய் வடிக்கும் கீழ் நட்டையும் திறந்து பார்த்துவிடுவோம் என்று திறந்தேன். இன்னும் 600 மில்லி வந்தது. முதலில் வந்த எண்ணெய் காப்பி நிறம், இது தார். விரலில் எடுத்துத் தேய்த்தால் வழவழப்புக்கு நடுவே நெருநெருவென்று ஏதோ தட்டியது. பம்ப் எதை விட்டுவைத்தது என்று பாருங்கள், வெளியே போக வேண்டிய அடி மண்டியைத்தான். காரணம் எளிது. டிப்ஸ்டிக் குழாய் சாய்வாக இறங்குகிறது, உள்ளே போன பிளாஸ்டிக் குழாய் சூட்டில் இளகி ஓரமாகச் சுருண்டுகொள்கிறது, எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் தங்கும் சட்டியின் பள்ளத்தைத் தொடுவதே இல்லை.

நியாயமாகச் சொல்ல வேண்டும், மேலிருந்து உறிஞ்சுவது தப்பான முறை இல்லை. மெர்சிடிஸ் போன்ற சில வண்டிகளுக்குப் பட்டறைகளிலேயே அப்படிச் செய்கிறார்கள், அவற்றில் ஃபில்டரும் மேலேயே இருக்கும், குழாயும் அடிவரை நேராகப் போகும். ஆனால் இது வீரா. ஃபில்டருக்குக் கீழேயிருந்துதான் கை எட்டும். அப்படியிருக்க "அடியில் படுக்கவே வேண்டாம்" என்ற விளம்பரத்தில் எனக்கு மிச்சமானது என்ன?

சரி, ஃபில்டர். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பொருளை வாங்கச் சொல்வேன் என்றால் அது பம்ப் இல்லை, ஃபில்டர் கழற்றும் தொப்பி. பழைய ஃபில்டர் பாசம் விட்டுப் போகாத மாமியார் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. முதலில் கையால் முயன்றேன், எண்ணெய்க் கையில் வழுக்கியது. மண்தாள் சுற்றித் திருகினேன், இல்லை. அப்பா அவர்கள் காலத்து வைத்தியம் சொன்னார், ஸ்குரு டிரைவரைக் குறுக்கே குத்தி நெம்பு என்று. குத்தினேன். தகரம் மீன் டின் மாதிரி கிழிந்தது, ஃபில்டர் அசையவில்லை, உள்ளே இருந்த சூட்டெண்ணெய் மணிக்கட்டில் தொடங்கி முழங்கை வழியாக அக்குள்வரை போனது. அந்தச் சட்டை இப்போது போர்ச் துடைக்கும் துணி.

அப்படியே கழுவிக்கொண்டு மார்க்கெட் பக்கம் இருக்கிற உதிரிபாகக் கடைக்குப் போனேன். பலகைக் கதவு போட்ட பழைய கடை, உள்ளே நுழைந்தால் ரப்பரும் கிரீசும் கலந்த வாசனை, கடை முதலாளி தவுக்கே மூக்குக் கண்ணாடியை நெற்றியில் தூக்கிவிட்டுக்கொண்டு என் கையைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. "வீரா? சத்து லீமா?" என்றார், ஒன்று புள்ளி ஐந்தா என்று. ஃபில்டர் தலையில் தொப்பி மாதிரி கவிழ்கிற அலுமினியக் கோப்பை ஒன்றை எடுத்து வைத்தார், உள்ளே பட்டை பட்டையாக வெட்டியிருக்கும், ஃபில்டரின் மடிப்புகளில் சரியாக உட்காரும், பின்னால் சதுர ஓட்டையில் ராட்செட்டை மாட்டித் திருப்ப வேண்டியதுதான். 15 வெள்ளி. எந்த அளவுத் தொப்பி என்று நாமே தேடித் தவறாக வாங்குவதைவிட, புது ஃபில்டரைக் கவுன்டரில் வைத்துத் தொப்பியைப் போட்டுப் பார்த்துவிட்டு வாங்கலாம், அதுதான் கடையின் அருமை. கூடவே கீழ் நட்டுக்கு வாஷர் நாலு போட்டுத் தந்தார், ஒன்று 50 காசு. இந்தக் கடைக்கு 5-க்கு 5. வெள்ளிக்கிழமை மத்தியானம் மட்டும் போகாதீர்கள், சாப்பிட்டுவிட்டுக் கல்லாவிலேயே தூங்குவார், எழுப்பினால் விலை ஏறும்.

தொப்பியை மாட்டித் திருப்பினேன், ஒரு சத்தம், அவ்வளவுதான், வந்துவிட்டது. கழற்றியதும் ஃபில்டரின் வாயைப் பாருங்கள், கறுப்பு ரப்பர் வளையம் அதோடு வந்ததா என்று. சில நேரம் அது எஞ்சின் பக்கமே ஒட்டிக்கொள்ளும். அதைப் பார்க்காமல் புதியதை மாட்டினால் வளையத்தின் மேல் வளையம் உட்கார்ந்து, எஞ்சினைப் போட்ட உடனே எண்ணெய் பீய்ச்சியடிக்கும். புது வளையத்தில் புது எண்ணெயை விரலால் ஒரு சுற்றுத் தடவிவிட்டுக் கையால் திருகிக்கொண்டே போனால், ஒரு இடத்தில் ரப்பர் போய் முட்டுவது விரலுக்குத் தெரியும், அங்கிருந்து முக்கால் சுற்று. தொப்பி கழற்றுவதற்குத்தான், இறுக்குவதற்கு இல்லை. "கையே போதும், ஸ்பானாவை வைக்காத" என்று அப்பா மூன்று முறை சொன்னார், ஸ்குரு டிரைவர் ஆலோசனைக்குப் பிராயச்சித்தமாக இருக்கும்.

கீழ் நட்டு 17 எம்எம். 39 நியூட்டன் மீட்டர் போதும், டார்க் ஸ்பானா இல்லாதவர்கள் சின்னக் கைப்பிடியில் திருகுங்கள், நீளமானதை எடுத்தால் தெரியாமலே அழுத்திவிடுவோம், அலுமினியச் சட்டி வண்டியாக இருந்தால் மரை போய்விடும். வாஷரை ஒவ்வொரு தடவையும் மாற்றுங்கள், 50 காசில் கஞ்சத்தனம் வேண்டாம்.

அடியில் போவதைப் பற்றி ஒரு வார்த்தை. காருடன் வரும் ஜேக் டயர் மாற்றுவதற்குத்தான், அதை மட்டும் நம்பி யாரும் கீழே போகக் கூடாது. தோட்டத்தில் லோரிக் கொட்டகையில் சிமெண்டுக் குழி இருந்தது, வண்டி மேலே நிற்கும், ஆள் கீழே நிற்பார், பயமில்லை. தாமான் வீட்டுப் போர்ச்சில் குழி ஏது? எங்கள் போர்ச் டைல்ஸ் போட்டது, மழைத்தண்ணீர் ஓட வாசலைப் பார்த்துச் சாய்வு வேறு. ஜேக் ஸ்டாண்ட் இரண்டு, பின் டயர்களுக்கு முன்னும் பின்னும் செங்கல், ஸ்டாண்டுக்கு அடியில் பிளைவுட் துண்டு, ஹேண்ட் பிரேக், இதெல்லாம் ஆன பிறகு வண்டியைக் கையால் நன்றாக ஆட்டிப் பார்த்து, அப்புறம்தான் தலையை உள்ளே விடுவேன்.

எண்ணெய் விஷயத்தில் எனக்குப் பெரிய வாதம் இல்லை. நான் 10டபிள்யூ-40 ஊற்றுகிறேன். அந்த டபிள்யூ குளிர்காலத்தைக் குறிப்பது, பனி பெய்கிற நாட்டுக்காரன் காலையில் வண்டியைக் கிளப்புவதற்கான கணக்கு, பேராக்கில் நாம் பார்க்க வேண்டியது பின்னால் இருக்கிற எண், சூட்டில் எண்ணெய் எவ்வளவு கெட்டி என்பதைச் சொல்வது. புது மைவி காருக்கு 0டபிள்யூ-20 போடுகிறார்களே என்று பார்த்து பழைய வண்டிக்கும் அதை ஊற்றிவிடாதீர்கள், அது அந்த எஞ்சினுக்கென்று செய்த கணக்கு. போலி எண்ணெய் பிடிபட்ட செய்தி நம் நாட்டில் அவ்வப்போது வருகிறது, உள்நாட்டு வாணிப அமைச்சு சோதனை போட்டுப் பிடிக்கிறது. அதனால் எண்ணெயை மட்டும் இணையத்தில் வாங்குவதில்லை, தெரிந்த கடை, மூடி முத்திரை உடையாத டப்பா, அவ்வளவுதான்.

இரண்டாவது தடவை, ஆறு மாதம் கழித்து. மழை நாள், எனக்குச் சோம்பல். கீழ் நட்டையும் தொடவில்லை, ஃபில்டரையும் மாற்றவில்லை, ஒன்று விட்டு ஒன்று மாற்றினால் போதும் என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு பம்ப்பால் மட்டும் உறிஞ்சினேன். பிறகு போன தடவை ஊற்றிய அதே அளவை ஊற்றினேன். கம்பியை எடுத்துப் பார்த்தால் நிறைந்த அளவைக் காட்டும் எஃப் கோட்டைத் தாண்டி ஒரு விரல் உயரம் ஈரம். யோசித்தால் வேறு எப்படி இருக்கும்? சட்டியில் தங்கிய 600 மில்லி, பழைய ஃபில்டருக்குள் இருந்த 300 மில்லி, அதை எல்லாம் யார் கழிப்பது! அப்படியே ஓட்டினால் எஞ்சினுக்குள் சுற்றும் கிராங்க் எண்ணெயைக் கடைந்து நுரையாக்கிவிடும், நுரை ஏறிய எண்ணெய் பேரிங்கைக் காப்பாற்றாது, சீல்களிலும் கசியும். அன்றைக்குத்தான் பம்ப் தன் முதல் உருப்படியான வேலையைச் செய்தது. குழாயை விட்டு, கொஞ்சம் எடுத்து, கம்பியைத் துடைத்துப் பார்த்து, இன்னும் கொஞ்சம் எடுத்து, சரியாக எஃப்-க்குக் கொஞ்சம் கீழே கொண்டுவந்து நிறுத்தினேன். ஆனால் பம்ப் செய்த தப்பைப் பம்ப்பே திருத்தியதற்கு நான் நட்சத்திரம் தர முடியாது. அடுத்த வாரமே ஃபில்டரையும் மாற்றினேன், அப்பா பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்தார், திட்டியிருந்தாலாவது பரவாயில்லை.

அந்த 4 நட்சத்திர வேலை மூன்றாவது தடவை வந்தது. எங்கள் கோயிலில் சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர் ஒன்று இருக்கிறது, திருவிழா இரவில் கரண்ட் போனால் ஓட்டுவது. இரும்புச் சட்டத்தில் தாழ்வாக உட்கார்ந்திருக்கும், எண்ணெய் வடிக்கும் நட்டு சட்டத்துக்குப் பின்னால், கீழே பாத்திரம் வைக்க இடம் கிடையாது. ஒவ்வொரு தடவையும் நாலு பேர் தூக்கிச் சாய்த்து, சிமெண்டுத் தரையில் பாதியைக் கொட்டி, அம்மன் சந்நிதிவரை வாசனை. பம்ப்பைக் கொண்டுபோனேன், பேட்டரிக்கு என் காரையே பக்கத்தில் நிறுத்தினேன். ஊற்றும் வாய் அகலம், குழாய் நேராக அடியைத் தொட்டது, அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல் இருக்கும், நாலே நிமிடத்தில் துடைத்து எடுத்துவிட்டது. ஒரு சொட்டுத் தரையில் இல்லை. செயலாளர் ஐயா பம்ப்பைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்த விதத்திலேயே அது என் வீட்டுக்குத் திரும்பாது என்று புரிந்துவிட்டது.

ஆக, வாங்கலாமா? ஜெனரேட்டர், எஞ்சின் உள்ளேயே இருக்கும் படகு, மேலே ஃபில்டர் வைத்த வண்டி, அல்லது முதுகுவலியால் குனியவே முடியாதவர், இவர்களுக்குச் சரி. வீரா, சாகா மாதிரி பழைய வண்டிக்காரர்கள் அந்த 45 வெள்ளியில் 15-ஐத் தொப்பிக்குக் கொடுத்துவிட்டு மீதியை ஜேக் ஸ்டாண்டுக்குப் போடுங்கள். இஎக்ஸ்5 மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிற தம்பிகள் இதைத் தேடவே வேண்டாம், கப்சாயில் அடியில் ஒரே நட்டு, அதுவும் 17 எம்எம்தான், ஒரு லிட்டர்கூடப் பிடிக்காது, கழற்றி மாட்டுவதற்குள் தே ஆறாது.

பழைய எண்ணெயைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் தப்பு. எங்கள் தாத்தா தோட்டத்தில் கொசுவுக்கு எண்ணெய் அடிக்கும் வேலை பார்த்தவர், கால்வாய் நெடுகத் தெளித்துக்கொண்டே போவார்களாம், மலேரியா காலம். அதனாலோ என்னவோ எங்கள் வீட்டில் கறுப்பெண்ணெயைச் சாக்கடையில் ஊற்றுவது பாவம் என்ற எண்ணமே ரொம்ப நாள் இல்லை. வேலிக் கட்டைக்குக் கரையான் வராமல் பூசுவதும் வழக்கம். இன்றைக்கு அது சட்டப்படி எஸ்டபிள்யூ 305, அட்டவணைக் கழிவு, 2005-ஆம் ஆண்டு விதிமுறையில் இருக்கிறது. இந்த ஊர்ச் சாக்கடைத் தண்ணீர் போய்ச் சேருவது பேராக் ஆற்றில். டப்பாவில் மூடி இறுக்கிப் பட்டறையில் கொடுத்தால் அவர்கள் டிரம்மில் சேர்த்து, உரிமம் உள்ளவர்கள் வந்து எடுத்துப்போவார்கள். நான் கொடுப்பது எந்தப் பட்டறையில் தெரியுமா, அந்த மார்க்கர் பேனா பட்டறையிலேயேதான். வாங்கிக்கொள்கிறார்கள், சிரிக்கிறார்கள், ஃபில்டரைப் பற்றி இரண்டு பேருமே பேசுவதில்லை.

பம்ப் இப்போது கோயில் ஸ்டோரில், விபூதி மூட்டைக்கு மேல் பலகையில் இருக்கிறது. ஒல்லிக் குழாய் மட்டும் நுனியில் கெட்டியாகி வெடிக்க ஆரம்பித்திருக்கிறது. தவுக்கேயிடம் அதே அளவில் ஒரு மீட்டர் கேட்டிருக்கிறேன், வியாழக்கிழமை வந்து பார் என்றார்.